வெள்ளை அலுமாரி

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு அலுமாரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று உம்மும்மாவின் தேக்கு அலுமாரி. மொரட்டுவைத் தச்சர்கள் செய்தது. நாலு பேர் சேர்ந்தாலும் இலேசில் அசையாது. மற்றது என்னுடையது. தட்டையான பெட்டிகளில் பலகை பலகையாக வந்து, வீட்டில் வைத்துப் பூட்டியது. உம்மும்மா அதை அலுமாரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அந்தப் பலகத்தூள்" என்றுதான் சொல்வார்.

அவர் சொல்வதில் பிழையில்லை. மரத்தூளையும் சிறு சிராய்களையும் பசையோடு கலந்து அழுத்தினால் அந்தப் பலகை வரும். அதன் மேல் மெலமைன் பிசின் ஊறிய கடதாசியைச் சூட்டில் அழுத்தி ஒட்டுவார்கள். வெள்ளையாகப் பளபளப்பது அந்தக் கடதாசிதான். 1956ஆம் ஆண்டு சுவீடனின் ஐகியா நிறுவனத்தில் வேலை செய்த கில்லிஸ் லுண்ட்கிரென் என்பவர், ஒரு மேசை காருக்குள் அடங்காததால் அதன் கால்களைக் கழற்றினாராம். பிரித்து எடுத்துச் சென்று வீட்டில் பூட்டும் தளபாடங்கள் உலகமெங்கும் பரவியதற்கு அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒருமுறை பூட்டியதைக் கழற்றி மறுபடி பூட்டுவது இலேசல்ல. ஆணித் துளைகள் தூளாகிவிடும்.

நான் ஆறாம் ஆண்டுக்குப் போனபோது வாப்பா அதை வாங்கித் தந்தார். அப்போது வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். பிறகு 2022 வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், வாப்பாவின் வியாபாரம் படுத்ததும் வாடகை கட்ட முடியாமல் போனதும்தான். கொட்டாஞ்சேனையில் உம்மும்மாவின் வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். சாமான் ஏற்றிய அன்று நல்ல மழை. லொறியில் நனைந்த அடிப்பலகை, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் போல ஊதிப் போனது.

சென்ற வருடம் சாதாரண தரப் பரீட்சை முடிந்து தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி அடிப்பலகையைப் பார்த்து, "இதுல கறையான் ஏறியிருக்கா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. எனக்கு முகம் சுருங்கிப் போனது. அன்று இரவு சாப்பிடும்போது, "அந்தக் குப்பையத் தூக்கி எறிஞ்சிட்டு நல்லதொண்டு வாங்கித் தாங்க வாப்பா" என்றேன்.

"பார்ப்பம் மகள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எறிய மனமில்லை, வைத்திருக்க வெட்கம். பெருநாளுக்குச் சுவருக்கு அடித்த பெயின்ட்டில் அரை வாளி மிச்சம் இருந்தது. ஒரே பகலில் பூசி முடித்தேன். இரண்டு நாள் அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் விரல் நகம் பட்டது. பாலாடை போல ஒரு துண்டு அப்படியே கழன்று வந்தது. அழுதே விட்டேன்.

மறுநாள் வாப்பா என்னைப் பழைய சோனகத் தெருவுக்குக் கூட்டிப் போனார். ஹாட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. வயதான கடைக்காரர் ஒருவர், "என்ன மரம்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. "மெலமைன் போர்ட்" என்றார் வாப்பா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"அப்ப அது மரமில்ல மகள். தண்ணியே புடிக்காத சாமானில பெயின்ட் எப்பிடிப் புடிக்கும்? புடிக்க இடம் ஈக்கணும். முதல்ல கீறி விடுங்க."

அவர் சொன்னதன் காரணம் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும்போதுதான் விளங்கியது. மெலமைன் பிசின் ஒரு வெப்பமிறுக்கும் பல்பகுதியம். ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது, எதையும் உள்ளே உறிஞ்சாது. உம்மும்மாவின் தேக்குக்குப் பூசும் பொலிஷ் மரத்துக்குள் இறங்கும். என் அலுமாரியில் இறங்குவதற்கு வழியில்லை. கறை பிடிக்காத அதே வழுவழுப்புத்தான் நிறத்தையும் பிடிக்கவிடவில்லை.

பழைய பெயின்ட் முழுவதையும் உரித்தேன். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். யன்னல்களைத் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, 220ஆம் இலக்க சேன்ட் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். பளபளப்புப் போனால் போதும். கடதாசி கிழிந்து தூள் தெரியும்வரை தேய்க்கக் கூடாது. தூசைத் துடைத்துவிட்டு, வழுக்கும் பரப்புகளில் ஒட்டுவதற்கென்றே விற்கும் பிரைமரை மெல்லியதாக ஒருமுறை பூசினேன். அது காய்ந்தபின் இளம்பச்சை எனாமல் இரண்டு முறை. தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரு நாளில் காய்ந்துவிடும். ஆனால் உள்ளே இறுகுவதற்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை அதில் ஒரு புத்தகம்கூட வைக்கவில்லை.

நான் எழுத வந்த விஷயம் இதுவல்ல. தேய்ப்பதற்காகக் கதவுகளைக் கழற்றியபோது, பலகைகளின் உள்பக்கத்தில் பென்சில் எழுத்துகளைக் கண்டேன். 'இடது 1', 'இடது 2', 'நடுத்தட்டு, மேல்பக்கம்'. வாப்பாவின் கையெழுத்து. வெள்ளவத்தையில் கழற்றும்போதே, கொட்டாஞ்சேனையில் மறுபடி பூட்டவேண்டும் என்று ஒவ்வொரு பலகையிலும் எழுதி வைத்திருக்கிறார். தூளாகிப்போன துளைகளில் தீக்குச்சிகளைப் பசை தடவிச் செருகியிருந்தார். எண்ணிப் பார்த்தேன். பதினேழு துளைகள்.

வீட்டையே விட்டு வந்த அந்த நாட்களில், அவருக்கு எத்தனையோ கவலைகள் இருந்திருக்கும். அதற்கு நடுவில் என் புத்தகங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். அதைத்தான் நான் குப்பை என்றேன்.

அன்று பின்னேரம் வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"எதைச் சொல்றீங்க மகள்?" என்று கேட்டார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா, மறந்ததாகக் காட்டினாரா என்று இன்றுவரை தெரியாது.

ஊதிய அடிப்பலகை இன்னும் கொஞ்சம் மேடாகத்தான் இருக்கிறது. பெயின்ட் அதை மறைக்கவில்லை. உம்மும்மா ஒருநாள் கதவைத் தடவிப் பார்த்து, "அலுமாரி வடிவா ஈக்கிது" என்றார். முதல் தடவையாக அந்தச் சொல் அவர் வாயில் வந்தது.

வெளியே முழுவதும் இளம்பச்சை. உள்பக்கத்தை மட்டும் நான் பூசவில்லை. கதவைத் திறந்தால் பென்சில் எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. இன்னொரு முறை வீடு மாற வேண்டி வந்தால், இன்ஷா அல்லாஹ், அவற்றைப் பார்த்து நானே பூட்டுவேன்.