முகத்தில் தெரியாத சோர்வு

ஆட்டிசம் என்றாலே குழந்தைகள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்களே! இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், வளர்ந்த பிறகே ஆஸ்பெர்கர் நிலை கண்டறியப்பட்ட 374 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்றவர்கள் 66 சதவீதம்.

பிறர் சிரிக்கும்போது சிரிப்பது, கண்ணைப் பார்த்துப் பேசுவது என நாள் முழுக்க மற்றவர்களைப்போல் நடிப்பதே இவர்களில் பலரைக் களைப்படைய வைக்கிறது. மனச்சோர்வு வந்தாலும், இறுகிய முகத்தையும் குறைந்த பேச்சையும் 'அவர் சுபாவமே அதுதான்' என்று விட்டுவிடுகிறோம்.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. ரயில் அட்டவணையே உலகம் என்றிருந்தவர் அதைத் தொடுவதே இல்லையா? தூக்கமும் சாப்பாடும் மாறிவிட்டனவா? அது ஆட்டிசம் அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அதோடு, நடிக்கத் தேவையில்லாத ஒரு வீடும் வேண்டும்.