பயத்தையும் எழுது

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஜல்லிக்கட்டுத் திரைக்கதையைப் படித்துவிட்டேன். வாடிவாசல் திறக்கிற இடம் அபாரம். ஆனால் உன் நாயகன் கடைசிவரை ஒரு இடத்தில்கூடப் பயப்படவில்லையே, ஏன்?

இதைக் கேட்க வைத்தது 'டொரேரோ' என்ற மெக்சிகோ படம். 1956இல் வந்தது. இயக்கியவர் கார்லோஸ் வேலோ. ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பின் மெக்சிகோவில் தஞ்சம் புகுந்தவர். லூயிஸ் புரோகுனா என்ற காளைச்சண்டை வீரரின் வாழ்க்கைதான் கதை. நடித்திருப்பவரும் அவரேதான். மைதானத்தில் முன்பு எடுத்த செய்திப்படச் சுருள்களையும் புதிதாக எடுத்த காட்சிகளையும் ஒட்டுத் தெரியாமல் கோத்திருக்கிறார்கள். நெற்றிக்கு மேலே புரோகுனாவுக்கு ஒரு வெள்ளை முடிக்கற்றை. எவ்வளவு பெரிய கூட்டத்திலும் அதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

1946இல் 'பிளாசா மெக்சிகோ' மைதானம் திறந்தபோது, ஸ்பெயின் வீரர் மனோலேட்டேயோடு களமிறங்கியவர் புரோகுனா. அடுத்த வருஷமே மனோலேட்டே லினாரெஸ் ஊரில் மாடு குத்திச் செத்துப்போனார். அந்தச் சாவும் படத்தின்மேல் கவிந்திருக்கிறது. நேற்றுவரை தூக்கிவைத்துக் கொண்டாடிய கூட்டம், புரோகுனாவின் கால் பின்வாங்கியதும் வாய்க்கு வந்தபடி ஏசுகிறது. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பயந்ததை அவர் மறைக்கவில்லை. பயத்தோடேயே மறுபடியும் மைதானத்துக்குப் போகிறார். அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அதே 1956இல்தான் நம் 'தாய்க்குப்பின் தாரம்' வந்தது. தேவர் பிலிம்ஸின் முதல் படம், திருமுகம் இயக்கம். எம்.ஜி.ஆர். காளையை அடக்கும் காட்சியை இன்றைக்கும் அலுக்காமல் பார்ப்பேன். 1980இல் 'முரட்டுக்காளை' ரஜினி. இவர்கள் யாருக்கும் மாட்டைக் கண்டு பயமே கிடையாது. அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நீ. உன் நாயகனும் அப்படியே வந்துவிட்டான்.

ஆனால் மாட்டின் முன் பயம் தானாக வரும். போன தைப்பூசத்தில் இங்கே பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெள்ளி ரதம் கிளம்பியபோது, ரதம் இழுக்கும் மாடுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ரோடெல்லாம் உடைந்த தேங்காய், இளநீர் ஈரம். சலங்கை கட்டிய மாடு ஒன்று தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. கொம்பு வருவதற்குள் என் கால் தானாகப் பின்னால் போய்விட்டது. மூக்கணாங்கயிறு போட்டுப் பழக்கிய சாதுவான மாடு அது. அவிழ்த்துவிட்ட காளைமுன் நிற்கிற பையனுக்கு அடிவயிறு எப்படிக் கலங்கும்?

2014இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்த பிறகு மாடுபிடிப்பைப் பற்றிப் பேசிய எல்லாரும் வீரத்தை மட்டும்தான் பேசினோம். பயத்தைச் சொன்னால் எதிராளிக்கு வாதம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும் என்ற கவலை. மெரினா போராட்டம் நடந்து, ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டம் வந்து, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இனி யாருக்காக மறைக்க வேண்டும்? சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' உன்னிடம் இருக்கிறதல்லவா? அப்பனைக் குத்திக் கொன்ற காரியைப் பிடிக்க வந்தவன் பிச்சி. அவன் ஜெயித்த பிறகு ஜமீன்தார் அந்தக் காளையைச் சுட்டுக் கொல்கிறார். வெற்றியோடு கதையை முடித்துக்கொள்ளாத துணிச்சல் செல்லப்பாவுக்கு இருந்தது.

உன் நாயகனுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வரக்கூடாது. திமிலைப் பிடிக்கப் போகும் கை வேர்த்து வழுக்கட்டும். ஒரு மாட்டை அவன் பயந்துபோய் விட்டுவிடட்டும், ஊர் சிரிக்கட்டும். அப்புறமும் அவன் வாடிவாசலுக்கு வந்து நின்றால், நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

முந்தின ராத்திரி, மாட்டை விட்டுவிடும் இடம் என்ற அந்த இரண்டு காட்சிகளை மட்டும் எழுதி, முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. பிறகு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா