உம்பாய்க் கரையின் எலுமிச்சைக் குலம்

மலாக்காவின் உம்பாய், செர்க்காம் கரையோரத்து மீன் சுடும் கடைகளில், சம்பல் பெலாச்சான்மேல் பிழியும் சிறு காய் லீமாவ் கஸ்தூரி. காய்கறிக் கடையில் அதன் பக்கத்திலேயே லீமாவ் நீப்பீஸ் குவிந்திருக்கும். தமிழர் எலுமிச்சை என்று கேட்டு வாங்குவதும், கோயில் மாலைக்கு ஒரே பருமனில் பொறுக்கி எடுப்பதும் பெரும்பாலும் இதைத்தான். இரண்டும் பச்சை, உருண்டை, கடும் புளிப்பு. அறுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். கஸ்தூரியின் சுளை ஆரஞ்சு நிறம். தோல் மெல்லியது, கையால் உரியும், மென்றால் இனிக்கும். நீப்பீஸின் சுளை வெளிர்பச்சை. தோல் சுளையோடு இறுக ஒட்டியிருக்கும்.

இந்த வேறுபாடு பிறப்பிலேயே வந்தது. கஸ்தூரி, மாண்டரின் ஆரஞ்சும் கும்குவாட்டும் கலந்த கலப்பினம். தோலின் இனிப்பு கும்குவாட்டின் சொத்து. நீப்பீஸின் தாய்வழி பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காட்டினமான மைக்ராந்தா, தந்தைவழி சிட்ரான். மாண்டரின், பம்பளிமாஸ், சிட்ரான் ஆகிய மூன்றும் சில காட்டினங்களும் திரும்பத் திரும்பக் கலந்ததால் உண்டானவையே இன்று பயிராகும் வகைகளில் பெரும்பாலானவை. 60 மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, இக்குலத்தின் பிறப்பிடத்தை அசாம், வட மியன்மார், யுன்னான் அடங்கிய இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் வைத்தது. அதற்கு முன், பார்த்த உருவை வைத்தே பிரித்தார்கள். ஸ்விங்கிள் 16 இனங்களோடு நிறுத்தினார். தனாக்கா 162 வரை போனார். ஒரே குலத்தைப் பார்த்த இரு பெரும் அறிஞர்களின் கணக்கு பத்து மடங்கு விலகியதற்குக் காரணம், கலப்பினங்களைத் தனி இனங்களாக எண்ணுவதா வேண்டாமா என்பதுதான்.

வகை பிரிப்பதற்குத் தோலின் நிறத்தை நம்புவது வெப்பநாட்டில் சரிவராது. சிட்ரஸ் தோலின் பச்சையம் நன்றாக மறைய இரவுக் குளிர் வேண்டும். மலாக்காவில் அந்தக் குளிர் கிடையாது. உள்ளே முற்றிப் பழுத்த பழமும் வெளியே பச்சையாகவே நிற்கலாம்.

இலை அதைவிட நல்ல சாட்சி. லீமாவ் பூருட்டின் இலைக்காம்பு இலையளவுக்கே அகன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இலை நிற்பதுபோல் தெரியும். காயின் தோல் முழுக்க மேடுபள்ளம். பம்பளிமாஸின் காம்புச் சிறகு இதய வடிவில் அகலும், இளங்கிளையில் மெல்லிய மயிர் இருக்கும். நீப்பீஸில் சிறகு ஒடுங்கிவிடும். சிட்ரானில் சிறகே இல்லை.

நாற்று வளர்ப்போருக்கு இவை எல்லாவற்றையும்விட விதையே முக்கியம். கஸ்தூரி, நீப்பீஸ் விதை ஒன்றில் பல கருக்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே முளைப்பதால் கன்றும் தாயைப்போலவே வரும். பம்பளிமாஸ் விதையில் ஒரே கரு, அதுவும் மகரந்தச் சேர்க்கையில் உருவானது. சிவந்த சுளையுள்ள இனிய பழத்தின் விதையை ஊன்றினால் எது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே பம்பளிமாஸைப் பதியன் போடுகிறார்கள்: விரல் தடிமனுள்ள கிளையில் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பைச் சுரண்டி, ஈரத் தேங்காய் நாரை வைத்து பிளாஸ்டிக்கால் கட்டுவார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் தெரியும். மாண்டரினுக்குக் கண் ஒட்டுவது வழக்கம். அந்தக் கைத்திறன் தோட்டத் தமிழருக்குப் புதிதல்ல. 1890களின் பிற்பகுதியில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கிலும் புக்கிட் அசாஹானிலும் தொடங்கிய மலாக்கா ரப்பர் தோட்டத் தொழில், பின்னாளில் ஒட்டு ரப்பருக்கு மாறியபோது, கன்றுகளுக்குக் கண் வைத்துக் கட்டிய கைகளில் அவர்களுடையவை ஏராளம். பட்டையின் ஆழம் அறிந்து கத்தி நிறுத்தும் அந்த வேலைக்கு உரிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கண் எடுக்கும் மரத்தைத் தேர்வதில்தான் நாற்று வளர்ப்போரின் பார்வை கடுமையாகிறது. கிரீனிங் நோயும் பழத்தின் உருவை மாற்றும். பழம் சிறுத்துக் கோணும், விதை சாவியாகும், காம்புப் பக்கம் பழுத்தபின்னும் அடிப்பக்கம் பச்சையாக நிற்கும். இதைப் புது வகை என்று எண்ணிக் கண் எடுத்தால் நோயும் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். தோப்பில் சைலிட் பூச்சி அதை மரத்துக்கு மரம் பரப்பும். சோதனை இலையில்தான். துத்தநாகக் குறையில் மஞ்சள் நடுநரம்பின் இருபுறமும் ஒத்து விழும். இந்நோயில் ஒருபுறத் திட்டு மறுபுறத்தோடு ஒவ்வாது. அப்படிப்பட்ட மரத்தில் கத்தி வைப்பதில்லை.