விருந்தாளிக்கு ஒரு கலர்

கோடை வந்துவிட்டால் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவெல்லாம் அதனை உமிழும். அந்த வெக்கையில் நாகல் நகரில் வாழ்வோர் குளிர்ச்சியாக ஏதேனும் நாடுவது இயல்பே. ஆகவே குளிர்பானம் அருந்துவோரைக் கடிந்துகொள்ள இதனை எழுதவில்லை. நம் இல்லங்களில் அது எத்தகைய இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதை வாசக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே விரும்புகிறேன்.

என் சிறு பிராயத்தில் 'கலர்' என்பது கடையில் நின்று குடிக்கும் பொருள். கண்ணாடிப் புட்டி கடைக்காரருக்குச் சொந்தம். குடித்த கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 1870-களில் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் வடிவமைத்த கோலிப் புட்டியும் அவ்விதமே. அதிலுள்ள வெறும் சோடாவில் நீரும் கரியமில வாயுவும் தவிர வேறொன்றுமில்லை. கலரில் சர்க்கரை உண்டு. ஆயினும் அந்தச் சிறு புட்டியே அதற்கு அளவாக நின்றது. பெண் பார்க்க வந்தவர்களுக்கோ, வெளியூர் உறவினருக்கோ மட்டும் அது வீடு தேடி வரும். கோகோ கோலா 1977-இல் நாட்டை விட்டு வெளியேறி 1993-இல் திரும்பிற்று. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் அதற்கு நெடுங்காலம் முன்னரே நம்மிடையே இருந்தது. எனவே இனிப்பு நீர் நமக்குப் புதிதன்று. புதிதாக வந்தது பிளாஸ்டிக் பெரும்புட்டியும், அதனைக் குளிரவைக்க வீட்டுக்குள் வந்த பெட்டியுமே. புட்டி கடையை விட்டு வீட்டுக்குள் குடியேறியபோது அளவு போய்விட்டது. அது உபசரிப்பின் அடையாளமாகிவிட்டது.

பாஸ்கு காலத்தில் வீடு மந்திரிக்கச் செல்லும் குருக்கள் எவரும் இதனை அறிவர். கூலிக்குச் செல்லும் தாய், நான் வருவேனென்று முன்னதாகவே மகனைக் கடைக்கு அனுப்பி, நிறைந்த டம்ளரோடு வாசலில் நிற்பாள். மறுத்தால் அவள் முகம் வாடும். அடுத்த வீட்டில் குடித்துவிட்டு இவ்வீட்டில் குடிக்கவில்லையென்றால் மனத்தாங்கலும் உண்டாகும். கோலா வகைகளில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. 200 மில்லி டம்ளர் ஒன்றில் 21 கிராம். அதாவது நான்கு தேக்கரண்டி. பத்து வீடுகள் ஏறி இறங்கினால் 200 கிராமுக்கு மேல்! உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த நெறியின்படி, உணவிலும் பானத்திலும் நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டலாகாது. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று. மாம்பழப் படம் போட்ட பானங்களைப் பழமென்று எண்ணிக் குழந்தைகளுக்கு ஊற்றுவோரும், புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டுள்ள சர்க்கரை அளவை ஒருமுறை வாசிப்பது நலம்.

இவ்வளவு சர்க்கரையை நாக்கு ஏன் மறுப்பதில்லை? குளிர்ச்சி இனிப்பை மந்தமாக்குகிறது. புளிப்பு அதனை மறைக்கிறது. திறந்து வைத்து, வாயு போய், வெதுவெதுப்பான பின் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பாகு போல் திகட்டும். சோறோ பழமோ உண்டால் வயிறு நிறைந்ததென்று தெரியும். திரவமாகச் செல்லும் சர்க்கரைக்கு அந்த உணர்வு குறைவு; பிரியாணிக்கு மேல் ஒரு புட்டியும் தாராளமாக இறங்கும். (அதன்பின் வரும் ஏப்பம் வாயு வெளியேறுவதேயன்றி, செரிமானத்துக்குச் சான்றன்று.) அச்சர்க்கரை விரைவில் இரத்தத்தில் கலப்பதால் கணையம் மிகுதியாக இன்சுலின் சுரக்க நேர்கிறது. மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. மதுவைத் தொட்டறியாத தாய்மாருக்கும் ஈரலில் கொழுப்பு என்று மருத்துவர் கூறுவது இதனாலும்தான். அமிலம் பல்லின் மேற்பூச்சையும் அரிக்கிறது.

எல்லாவற்றினும் என்னை உலுக்கியது வேறொன்று. எமது பங்கில் மூட்டை சுமக்கும் சகோதரர் ஒருவர், நாற்பது வயது, குடி, புகை ஏதுமில்லை. ஒரு கோடையில் அவருக்குத் தீராத தாகம். வெயில் என்றார்கள். தெம்புக்காக நாளும் இரண்டு மூன்று புட்டி கலர் குடித்தார். குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறிற்று, இரவில் பலமுறை எழுந்தார், உடல் மெலிந்தது. ஒருநாள் மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது இரத்தச் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. அந்தத் தாகமே நோயின் குரல் என்பதை எவரும் அறியவில்லை. மிகுந்த சர்க்கரையைச் சிறுநீரகம் நீரோடு வெளியேற்றுகிறது. நீர் குறைவதால் தாகம் எழுகிறது. அத்தாகத்துக்கு மீண்டும் சர்க்கரை நீரையே ஊற்றினால் நெருப்புக்கு நெய் வார்த்ததுபோலாம். தெய்வாதீனமாக அவர் பிழைத்தார். நான் பார்க்கச் சென்றபோது அவர் கட்டிலடியில், நலம் விசாரிக்க வந்த உறவினர் அன்போடு வைத்துச் சென்ற மாம்பழ பானப் புட்டிகள் நான்கு இருந்தன.

தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லா மெலிவு ஆகிய மூன்றும் கூடினால் வெயிலின்மேல் பழிபோடாமல் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உண்டென்றும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்களென்றும் மதிப்பிட்டது.

2017 மார்ச் முதல் நாளிலிருந்து தமிழக வணிகர் அமைப்புகள் அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என அறிவித்ததை நினைவுகூர்வீர்கள். நிலத்தடி நீரையும் நம்மூர்த் தொழிலையும் காக்க எழுந்த அம்முயற்சி மதிக்கத்தக்கதே. ஆனால் கணையத்துக்குச் சுதேசி, விதேசி என்ற பேதம் தெரியாது! பன்னீர் சோடாவிலும் நன்னாரி சர்பத்திலும் இருப்பது அதே சர்க்கரைதான். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கலாகாது. அங்கே தடுக்கப்படுவதை வீட்டில் நாமே டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறோம்.

இவ்வாண்டு வீடு மந்திரிக்கப் புறப்படுமுன், தண்ணீரோ நீர்மோரோ போதுமென்று ஞாயிறு பூசையில் கேட்டுக்கொண்டேன். "வெயில்ல வந்திருக்கீங்க சாமி, வெறும் தண்ணியவா குடுக்குறது?" என்று ஒரு மூதாட்டி மனம் நொந்தார். மண்பானைத் தண்ணீரை வாங்கிக் குடித்து, இன்னொரு செம்பும் கேட்டேன், சிரித்துவிட்டார். உடன் வந்த பீடச்சிறுவர் இருவருக்குந்தான் பெருத்த ஏமாற்றம். நான்காவது வீட்டில் ஒரு தாய் வெள்ளரிப் பிஞ்சைக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுத்தார். மறுநாள் அவ்விருவரும் எனக்கு முன்னரே கோயில் வாசலில் வந்து நின்றார்கள்.