பாசியை உரித்தால் நிலம் இறங்கும்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, கேள்வி-பதில் பகுதிக்கு மானாவாரி விவசாயி ஒருவர் எழுதியிருந்தார். ‘கோடை உழவு போட்டு வைக்கிறேன். முதல் மழைக்கு விதைத்தால் பயிர் நன்றாகப் பச்சை கட்டி வருகிறது. ஆனால், மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் வருடா வருடம் குறைகிறது. ஏன்?’ என்பது அவர் கேள்வி. நான்கு வரியில் பதில் அனுப்பினேன். அது போதாது என்று எனக்கே தோன்றியது. முழுப் பதிலையும் கொஞ்சமும் எதிர்பாராத ஓர் ஊரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவில் உள்ள ஃபேர்பேங்க்ஸ்தான் அந்த ஊர்.

மகள் அங்கே வேலை பார்க்கிறாள். விடுப்பு எடுத்துக்கொண்டு, நானும் என் மனைவியும் ஏப்ரல் கடைசியில் போய் இறங்கினோம். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகிற ஊர். நாங்கள் போனது பனி உருகும் நேரம். பகலில் வாசலெல்லாம் சேறு. ராத்திரியானால் அதே சேறு கல்லாக இறுகிவிடும். மறுநாள் மதியம் மறுபடியும் சேறு.

வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் காடு. குட்டை குட்டையான ஸ்ப்ரூஸ் மரங்கள், தரையில் மெத்தை மாதிரி பாசி. “அப்பா, இந்த மரத்தையெல்லாம் எடுத்துவிட்டு உருளைக்கிழங்கு போடலாமா?” என்று மகள் கேட்டாள். எனக்கும் கை துறுதுறுத்தது. மறுநாளே கடப்பாறையோடு இறங்கினேன். பாசியை விலக்கி ஒரு சாண்கூட இறங்கவில்லை, ‘ணங்’ என்றது. பாறை இல்லை, உறைந்த மண்.

மேலே இருக்கும் இரண்டு, மூன்று அடி மண் கோடையில் இளகும், குளிரில் உறையும். அதற்கும் கீழே இருப்பது கோடையிலும் இளகாது. இப்படித் தொடர்ந்து இரண்டு வருடங்களாவது பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல் போகாத நிலத்தைத்தான் ‘பெர்மாஃப்ராஸ்ட்’ என்கிறார்கள். நாம் ‘நிரந்தர உறைமண்’ என்று சொல்லலாம். ஃபேர்பேங்க்ஸில் இது எல்லா இடத்திலும் இல்லை, திட்டுத் திட்டாக இருக்கிறது. மகள் வீடு இருப்பது அப்படி ஒரு திட்டின் மேல்.

அந்த வாரக் கடைசியில், பக்கத்திலுள்ள ஃபாக்ஸ் என்ற ஊருக்குக் கூட்டிப்போனாள். அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1960-களில் உறைமண்ணைக் குடைந்து அமைத்த ஆராய்ச்சிச் சுரங்கம் அங்கே இருக்கிறது. உள்ளே எப்போதும் குளிர்ச்சியாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் காற்று கொண்டுவந்து சேர்த்த வண்டல். அதில் ஆப்பு அடித்தது போலப் பெரிய பெரிய ஐஸ் கட்டிகள். கூரையிலிருந்து பழைய காலத்துப் புல் வேர்கள் தொங்குகின்றன. சுவரில் காட்டெருமை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. உள்ளே போகப் போக 40,000 வருடம் வரை பழமையான மண். நுழைந்ததுமே ஒரு வாடை அடித்தது. எனக்குத் தெரிந்த வாடைதான். பாதி மட்கி நின்றுபோன குப்பைக்குழியின் வாடை.

தோசை மாவை வெளியே வைத்தால் பொங்கிப் புளிக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மெதுவாகப் புளிக்கும். ஃப்ரீசரில் வைத்தால் அப்படியே நிற்கும், ஆனால் கெடுக்கிற கிருமி அதற்குள்ளேயேதான் இருக்கிறது. உறைமண்ணும் அப்படித்தான். இதே சுரங்கத்து ஐஸிலிருந்து 32,000 வருடப் பழமையான பாக்டீரியாவை எடுத்திருக்கிறார்கள். ஐஸ் உருகியதும் அது நீந்த ஆரம்பித்துவிட்டது. 2005-ல் அதற்கு ‘கார்னோபாக்டீரியம் பிளைஸ்டோசீனியம்’ என்று பெயர் வைத்தார்கள். இங்குள்ள பழைய மண்ணை இளக வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், நீரில் கரைந்திருந்த கரிமத்தில் ஏறக்குறைய பாதியை நுண்ணுயிர்கள் எட்டே நாளில் தின்று தீர்த்திருக்கின்றன.

உறைந்து இளகும்போது மண்ணுக்குள் என்ன நடக்கிறது? நீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். ஐஸ் ஊசிகள் நுண்ணுயிர்களின் உடலைக் கிழித்துவிடும். ஃப்ரீசரில் வைத்த தக்காளி, வெளியே எடுத்ததும் தொளதொளவென்று ஆகிவிடுவதும் இதனால்தான். ஆனால், எல்லா நுண்ணுயிரும் சாவதில்லை. மண் துகளை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் உப்பு செறிந்திருப்பதால், அது லேசில் உறையாது. அதற்குள் சில தாக்குப்பிடிக்கும். வேறு சில, உடம்புக்குள் கிளிசரால் போன்ற பொருள்களைச் சேர்த்துத் தற்காத்துக்கொள்ளும்.

மண் இளகியதும், செத்தவற்றின் உடலிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலமும் வழியும். பிழைத்தவற்றுக்கு அது விருந்து. மண் கட்டிகளும் விரிந்து உடைவதால், உள்ளே பொதிந்திருந்த மட்கும் வெளியே வந்துவிடும். சில நாட்களுக்கு அந்த மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஸ் ஆக்சைடும் வேகமாக வெளியேறும். தண்ணீர் தேங்கினால், நம் நெல் வயலைப்போல மீத்தேன் கிளம்பும்.

மேல் மண்ணில் இது வருடா வருடம் நடப்பது. செடியும் பாசியும் திரும்பக் கரிமத்தைச் சேர்ப்பதால், வரவும் செலவும் ஓரளவு சரியாகிவிடும். ஆபத்து கீழே இருக்கிறது. அடியிலுள்ள உறைமண் இளகினால், அது வரவில்லாத செலவு. வட துருவத்தைச் சுற்றியுள்ள உறைமண் பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரிமம் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். காற்று மண்டலத்தில் இப்போது இருப்பதைப்போல இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஊர் திரும்பும் வழியில் ‘ஃபார்மர்ஸ் லூப்’ என்ற சாலைக்கு வந்தோம். விவசாயிகள் பெயரிலேயே ஒரு சாலை. அங்கே 1946-ல் ஒரு சோதனைத் திடல் போட்டிருக்கிறார்கள். நாம் வயலில் போடுவது போலவே மூன்று பாத்திகள். ஒன்றில் காட்டை அப்படியே விட்டார்கள். இரண்டாவதில் மரத்தை மட்டும் வெட்டி, பாசியை விட்டுவைத்தார்கள். மூன்றாவதில் மரம், பாசி, மேல் மட்கு எல்லாவற்றையும் வழித்து எடுத்தார்கள். 26 வருடம் கழித்துத் துளையிட்டு அளந்தார்கள். காட்டுப் பாத்தியில் உறைமண் பழைய ஆழத்திலேயே இருந்தது. மரம் மட்டும் எடுத்த பாத்தியில் சுமார் 15 அடி ஆழத்துக்குப் போய்விட்டது. வழித்து எடுத்த பாத்தியில் 22 அடி!

உரமும் போடவில்லை, உழவும் ஓட்டவில்லை. போர்வையை எடுத்தார்கள், அவ்வளவுதான். கோடை வெயில் மண்ணுக்குள் இறங்காமல் தடுத்துக்கொண்டிருந்தது மரத்தின் நிழலும் அந்தப் பாசியும்தான். நம் பாஷையில் சொன்னால், மூடாக்கு.

இந்த ஊர் விவசாயிகளுக்கு அதில் பட்ட அனுபவமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு திருத்திய வயல்கள் சிலவற்றில், அடியிலிருந்த ஐஸ் ஆப்புகள் உருகி, நிலம் மேடும் பள்ளமுமாக இறங்கிவிட்டது. சில இடங்களில் ஆளுயரத்துக்கு. அதில் எப்படி ஏர் ஓட்டுவது?

வீட்டுக்கு வந்ததும், “மரத்துல கை வைக்காதம்மா. முதல்ல வயல் இறங்கும், அப்புறம் வீடு இறங்கும்” என்றேன். முன்வாசலில் ஏற்கெனவே சரளை கொட்டியிருந்த இடத்தில் பலகை அடித்து, மேட்டுப்பாத்தி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆகஸ்டில் முட்டைக்கோஸ் படம் அனுப்பினாள்.

இனி, நம் விவசாயியின் கேள்விக்கு வருகிறேன். நம் மண்ணை உறைபனி கொல்வதில்லை, காய்ச்சல் கொல்கிறது. ஏப்ரல், மே வெயிலில் நுண்ணுயிர்கள் சாகின்றன. முதல் மழையில் பிழைத்தவை அவற்றைத் தின்கின்றன. மண் கட்டி உடைந்து, மட்கு வெளிப்படுகிறது. தழைச்சத்து ஒரேயடியாக விடுபடுகிறது. நீங்கள் பார்த்த கரும்பச்சை அதுதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிர்ச் என்ற விஞ்ஞானி 1950-களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தப் பச்சைக்கு உங்கள் நிலத்தின் கரிமத்திலிருந்துதான் பணம் போகிறது. திரும்பக் கட்டாவிட்டால், பரிசோதனை அட்டையில் எண் குறையத்தான் செய்யும்.

கோடை உழவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைநீர் இறங்கவும், கூட்டுப்புழு அழியவும் அது வேண்டும். இருபது வருடமாகப் பயிற்சி முகாம்களில் அதை நானே சொல்லி வந்திருக்கிறேன். மண்ணை மூட வேண்டும் என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லாமல் விட்டது என் குறை. ஒரு உழவோடு நிறுத்துங்கள். சோளத்தட்டையைக் கொளுத்தாமல் பரப்பி விடுங்கள். கோடை மழை கிடைத்தால் சணப்பையோ கொள்ளோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். தொழுவுரத்தை வெயிலில் குவித்து வைக்காமல், இறைத்த அன்றே மண்ணோடு சேருங்கள்.

நிலத்தில் ஒரு மூலையில் பத்து சென்ட்டை மட்டும் இப்படி மூடிவைத்துப் பாருங்கள். மூன்று வருடம் கழித்து, அந்தப் பத்து சென்ட்டிலிருந்து ஒன்று, மற்ற நிலத்திலிருந்து ஒன்று என இரண்டு மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டு அட்டையையும் எங்களுக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.