அம்மாவின் அகப்பை

2024 ஒக்டோபர் 3

கிளினிக் நாள். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி 6.6. போன முறை 6.4. டொக்டர் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். அந்தப் புள்ளி இரண்டு என்னோடு பஸ் ஏறி, கலஹா தாண்டி, தெல்தோட்டை டவுனில் இறங்கும்வரை உறுத்திக்கொண்டே வந்தது.

2022இல் இதே கொப்பியில் 9.3 எழுதியிருக்கிறது. ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கியபோது இருந்த குஷி, ஆறிலேயே குந்தியிருப்பதில் இல்லை. எடையும் 81இலிருந்து 70க்கு வந்து பதினான்கு மாதமாக அசையவில்லை. முதல் வருசம் "மெலிஞ்சி ஜம்முன்னு இருக்கீங்க மாஸ்டர்" என்றவர்கள் இப்போது "ஒடம்புக்குச் சொகமில்லியா?" என்கிறார்கள்.

இந்தச் சராசரியை ஏமாற்ற முடியாது என்பதுதான் அதன் குணம். சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அதில் ஒட்டிய சீனியைத்தான் அளக்கிறார்கள். வெறும் வயிற்று இரத்தம் மட்டும் பார்த்த காலத்தில், கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள் நல்ல பிள்ளையாக இருந்து தப்பித்தவன் நான்.

இன்னொன்றையும் எழுதி வைக்கவேண்டும். தொடக்கத்தில் சோற்றைப் பாதியாக்கினேன், கிளிக்ளசைட் மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கினேன். ஒரு நாள் பஸ்ஸில் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, பக்கத்து சீட்டுப் பிள்ளையிடம் டொபி கேட்டுத் தின்றேன். அறுபது வயதில் டொபிப் பிச்சை. சாப்பாட்டைக் குறைக்கப்போவதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லாதது என் பிழை. அடுத்த கிளினிக்கில் மாத்திரையைப் பாதியாக்கினார்.

2024 ஒக்டோபர் 31, தீபாவளி

விடிய எண்ணெய் தேய்த்துக் குளித்ததிலிருந்து அம்மா அகப்பையோடு நிற்கிறாள். முறுக்கு, அச்சுப்பலகாரம், மத்தியானம் ஆட்டிறைச்சியும் சோறும். என் தட்டில் இறைச்சி, பிஞ்சுப் பலாக்கறி, பொன்னாங்காணி, ஓரத்தில் ஒரு பிடி சோறு. அம்மா அந்தப் பிடியைப் பார்த்தாள்.

"சாமிக்கு வைக்கிறதுகூட இத விட கூட இருக்கும்டா."

அவளுக்கு 84. 1973 முடிவிலும் 74இலும் அரிசி, மா, சீனி எல்லாப் பங்கீட்டையும் குறைத்தபோது இரண்டு பிள்ளைகளோடு கொழுந்து பறித்தவள். அரிசியும் மாவும் செக்ரோல் சம்பளத்தில் கழித்துத் தோட்டமே கொடுத்துப் பழகிய சனம், ஒரே வருசத்தில் வெறும் மரவள்ளியையும் காட்டுக்கீரையையும் நம்ப வேண்டியதாயிற்று. அந்த வருசம் தோட்டப்பகுதிகளில் சாவு எகிறியது பதிவில் இருக்கிறது. எங்கள் லயத்தில் ஒரு ரொட்டியை நான்காகக் கிழித்தது எனக்கே நினைவிருக்கிறது. பெரிய துண்டு யாருக்கு என்று தங்கையோடு சண்டை பிடித்ததும்.

அப்படிப்பட்டவளிடம் போய், ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம் மாச்சத்து, நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே நிற்கவேண்டும் என்று கணக்குச் சொன்னால் என்ன செய்வாள்? அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

2024 நவம்பர் 27

விடாத மழை. எதிர் மலை காலையிலிருந்து தெரியவில்லை. சீனி போடாத பிளேன்டீயோடு வாசிப்பு.

மாச்சத்தைக் குறைக்கும் பத்தியம் நேற்று முளைத்தது இல்லை. ஜோன் ரோலோ என்ற பட்டாளத்து வைத்தியர் 1790களிலேயே நீரிழிவுக்காரருக்கு இறைச்சிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் தன் பருமன் குறைந்த கதையைச் சிறு புத்தகமாகப் போட்டார். பாண், சீனி, உருளைக்கிழங்கை விட்டுவிட்டு 202 இறாத்தலில் இருந்து ஒரு வருசத்தில் 46 இறாத்தல் குறைந்தவர். அவருடைய தொழில் சவ அடக்க ஏற்பாடு! காலையில் அவர் குடித்தது பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணீர்.

அதற்கு நாலு வருசம் கழித்து, 1867இல், எங்களுக்கு மேலே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் பான்டிங்கை வாசித்திருக்கமாட்டார். 1892இல் அவர் செத்தபோது உடல் 246 இறாத்தல் என்றும், 24 பேர் இரண்டு கூட்டமாக மாற்றி மாற்றிக் கண்டி மகியாவ மயானத்துக்குச் சுமந்தார்கள் என்றும் சொல்வார்கள். வாசிக்கும்போது என் நினைப்பெல்லாம் அந்த 24 பேர் அன்றைக்கு என்ன சாப்பிட்டுவிட்டுத் தூக்கினார்கள் என்பதில்தான்.

2024 டிசம்பர் 12

கடையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. தேங்காயும் ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு அரிசியைவிடத் தேங்காய்தான் அடி. சோற்றை எடுத்த இடத்தில் சம்பலும் தேங்காய்ப்பாலும் முட்டையும்தான் வயிற்றை நிரப்புகின்றன.

கொழும்பிலிருந்து மகன் நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' புத்தகம் கொண்டுவந்தான். காலைக்கு 100 பாதாம். ஒரு பாதாம் ஒரு கிராமுக்கு மேல் வரும். தோட்டத்தில் ஒரு நாள் பேருக்குச் சம்பளம் 1350 ரூபாய். கண்டியில் விசாரித்த விலைக்கு ஒரு காலைச் சாப்பாட்டில் கிட்டத்தட்ட அரைப்பேர் போய்விடும். புத்தகத்தைக் குறை சொல்லவில்லை, அதை வாசித்துத் தேறியவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். எனக்கு நெத்தலிக் கருவாடும் போஞ்சியும் சவ்சவ்வும் போதும்.

ஒன்று இன்றைக்குத்தான் பிடிபட்டது. நான் தொடங்கிய 2022, மாவும் காஸும் இல்லாமல் ஊரே வயிற்றைச் சுருக்கிய வருசம். யாரும் யாருக்கும் இரண்டாம் முறை பரிமாறவில்லை. எல்லாரும் குறைத்தபோது நான் குறைத்தது யார் கண்ணிலும் படவில்லை. அதை என் மன உறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிலைமை கொஞ்சம் சீராகி, வீடுகளில் பெட்டிஸும் கேக்கும் தட்டில் வரத் தொடங்கிய பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. நாக்கை அடக்கிவிட்டேன். "எங்க வீட்ல கை நனைக்க மாட்டீங்களா?" என்று கேட்கிற முகத்துக்கு இன்னும் பதில் இல்லை.

2025 ஜனவரி 14, தைப்பொங்கல்

பானை பொங்கியது. அம்மா முதல் கரண்டியை எனக்குத்தான் தந்தாள். தின்றேன். இரண்டாவதும் தின்றேன்.

2025 ஜனவரி 19

பொங்கலோடு நிற்கவில்லை. மறுநாள் மிச்சம், அதற்கு மறுநாள் "இந்த வாரம் போகட்டும்" என்று ரொட்டி, நேற்று டவுனில் ஒரு கொத்து ரொட்டி. ஐந்து நாள். உடைந்த பானையில் இன்னும் ஓர் ஓட்டை என்கிற புத்தி. காலையில் விரலில் குத்திப் பார்த்தால் 187.

சபதம் எதுவும் எடுக்கவில்லை. என் சபதங்களின் ஆயுள் எனக்குத் தெரியும். வீட்டுக்காரி நேற்று இரவே போஞ்சி நறுக்கி வைத்திருந்தாள், காலையில் இரண்டு முட்டையை அவித்துச் சின்னத் தட்டில் வைத்தாள். ஒரு சொல் பேசவில்லை. அந்தத் தட்டின் முன்னால் குந்தினேன்.

2025 பெப்ரவரி 9

கூடப் படிப்பித்த முஸ்லிம் நண்பரின் மகளுக்குக் கல்யாண விருந்து. சகன் சாப்பாடு. பாயில் ஆறு பேர் சுற்றிக் குந்தி, நடுவில் ஒரே பெரிய தட்டு: சோறு, கோழி, கத்தரிக்காய் மோஜு, அச்சாறு. தனித் தட்டென்றால் ஒதுக்கலாம், மூடலாம், கறிக்கடியில் புதைக்கலாம். சகனில் எந்த வித்தையும் பலிக்காது. அவரவர் பக்கத்துச் சோறு கரையக் கரைய, என் பக்கம் மட்டும் சின்ன மலையாக நின்றது. மற்ற ஐந்து பேரும் அதைப் பார்க்காததுபோலப் பார்த்தார்கள்.

கடைசியில் சீனி வருத்தத்தைச் சொல்லிவிட்டேன். இடப்பக்கம் இருந்த டவுன் கடைக்கார நானா சிரித்தார். "இத முதல்லயே செல்லி ஈக்கலாமே மாஸ்டர். உங்கட சோறு எனக்கு, என்ட கோழி உங்களுக்கு." கையால் என் மலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் கோழித்துண்டை என் பக்கம் தள்ளினார். அடுத்தவரும் தள்ளினார். வட்டிலப்பம் வந்தபோது இரண்டு கரண்டி தின்றேன். அதைத் தள்ளிவிட மனசு வரவில்லை.

ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். "தொலுக்கரு நல்ல மனுசரு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

2025 மார்ச் 11

கிளினிக். 6.5. பொங்கலின் ஐந்து நாளையும் சேர்த்து. டொக்டர் இன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் எதிர்பார்ப்பில்லை.

நோன்பு மாதம். பின்னேரம் ஆறு மணிக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளை மூடி போட்ட பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தது. மாட்டிறைச்சி போட்டது அவர்களுக்கு. எங்கள் வீட்டுக்கென்று கோழி போட்டுத் தனியாகக் காய்ச்சுவார்கள், வருசா வருசம். பச்சரிசி, தேங்காய்ப்பால், ரம்பை வாசம். நான் இரண்டு மிடறு குடித்துவிட்டு, முட்டையும் வல்லாரையும் இருந்த என் தட்டோடு குந்தினேன்.

அம்மா தன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தாள். பல் இல்லாததால் கோழி சிக்குகிறதாக்கும் என்று நினைத்தேன். ஒரு துண்டு எடுத்தாள், கோப்பை விளிம்பில் கஞ்சியை வழித்துவிட்டாள். இன்னொரு துண்டு. அப்படியே நாலைந்து சேர்ந்ததும், நடுங்கும் கரண்டியோடு கையை நீட்டி என் தட்டில் கொட்டினாள்.

"இது சோறில்ல" என்றாள். "தின்னு."