அக்காவின் மடிக்கணினி

தாம்பரம் பக்கம் பல வீடுகளில் பரணிலோ பீரோவுக்கு மேலோ ஒரு பழைய கணினி தூங்கிக்கொண்டிருக்கும். (முடிச்சூர், வரதராஜபுரம்வாசிகள் பலர் விதிவிலக்கு. வைத்துக்கொள்வதா தூக்கிப் போடுவதா என்று அவர்கள் யோசிக்கும் முன்பே 2015 டிசம்பர் வெள்ளம் முடிவு சொல்லிவிட்டது.)

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டில் இருப்பது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம்; அக்கா பிளஸ் டூ படிக்கும்போது 2012இல் கையில் வந்தது. 2 ஜிபி ராம், விண்டோஸ் 7, கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அந்த வீட்டின் முதல் கணினி அதுதான். இப்போது தம்பி கல்லூரிக்குப் போகிறான். பேட்டரி செத்து வருடங்கள் ஆகின்றன. சுவிட்ச் போட்டுவிட்டு டீ குடித்து வந்தால் திரை தயாராக இருக்கும்.

தம்பியின் வாதம்: விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும், இதில் இரண்டுமே கிடையாது. அம்மாவின் வாதம் ஒரே வரி: "நல்லாத்தானேடா ஓடுது?"

சிக்கல் என்னவென்றால், இருவர் சொல்வதும் சரி. இம்மாதிரிப் பெட்டிகள் நொண்டுவதற்குப் பாதிக் காரணம் ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டில் ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தேடிப் படிக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு எஸ்எஸ்டி, இன்னொரு 2 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்று போட்டால் பெட்டிக்கு மறுபடி உயிர் வரும். பீச் வண்டி ஏறி எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால் வேலை முடிந்தது. ஆனால் அவன் பாடத்தில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இருக்கிறது. 8 ஜிபி இல்லாமல் அதன் பக்கமே போக முடியாது.

புதுசு வாங்கலாம்தான். அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்துவைத்த பணத்தில் கைவைக்க வேண்டும். அதற்கு அப்பா சம்மதித்தாலும் தம்பிக்கு மனசு வரவில்லை.

கடைசியில் எஸ்எஸ்டிதான். கனமான வேலையெல்லாம் காலேஜ் லேபில், மற்றது வீட்டில், இன்னும் ஒரு வருடத்துக்கு. (செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.)

திருமணமாகிக் கோவையில் இருக்கும் அக்காவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டேய், அதுல ஸ்கூல் ஃபோட்டோ எல்லாம் இருக்கே?"

பழைய ஹார்ட் டிஸ்க் இப்போது ஒரு யுஎஸ்பி கேஸுக்குள், அம்மாவின் பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.